1,57,79,17,500: ஒரு யுகத்தின் நாட்கணக்குக்குள் இருக்கும் கணிதம்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலிருந்து ஒரு மாணவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. வாக்கியப் பஞ்சாங்கக் கணிதத்துக்கு அடிப்படையாக 1,57,79,17,500 என்ற எண்ணைச் சொல்கிறார்கள். அது ஒரு மகாயுகத்தில் உள்ள நாட்களின் எண்ணிக்கை. இந்த எண்ணுக்குக் கணித முறையில் ஏதேனும் தனித்தன்மை உண்டா, அதன் பகாக் காரணிகள் எவை, வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியும் பக்கத்து வீட்டு மலையாள நாட்காட்டியும் சில ஆண்டுகளில் மாதப் பிறப்பில் ஒரு நாள் வேறுபடுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று அவர் கேட்கிறார்.

தம்பி, மூன்றுக்கும் விடை உண்டு. மூன்றும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன: இந்தப் பெரிய எண்ணை மகாயுகத்தின் 43,20,000 ஆண்டுகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், அதற்குள் 576 என்ற சிறிய எண் ஒன்று உட்கார்ந்திருப்பது தெரியும். பெரிய எண்ணின் ஆட்டம் முழுவதும் அந்தச் சிறிய எண்ணிடம்தான் இருக்கிறது.

முதலில் எண்ணின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரியபட்டர் தம் ஆரியபட்டீயத்தில் இந்த எண்ணை நேரடியாகத் தரவில்லை. ஒரு மகாயுகத்தில் சூரியன் 43,20,000 சுற்றுகள் சுற்றுகிறது என்றும், பூமி கிழக்கு நோக்கி 1,58,22,37,500 முறை தன்னைத்தானே சுழல்கிறது என்றும் அவர் சொல்கிறார். விண்மீன்களை வைத்து எண்ணினால் வரும் சுழற்சிகளைவிடச் சூரிய உதயங்கள் ஆண்டுக்கு ஒன்று குறைவு. ஆகவே முதல் எண்ணை இரண்டாவதிலிருந்து கழித்தால் 1,57,79,17,500 நாட்கள் கிடைக்கின்றன. இந்த நாட்களைச் சுழற்சிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் பூமியின் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4.1 நொடி வரும். இன்றைய அளவீட்டுக்கும் இதற்கும் நொடியின் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேறுபாடு. அதை வியந்துகொண்டே நின்றுவிட வேண்டாம், நம் கேள்வி எண்ணின் அமைப்பைப் பற்றியது.

காரணிப்படுத்துவதைத் தாளும் பேனாவும் கொண்டே செய்யலாம். இறுதி இரண்டு இலக்கங்கள் சுழியம் என்பதால் 100 வெளியே வருகிறது, மீதம் 1,57,79,175. அது 75 இல் முடிவதால் 25 ஆல் வகுபடும், ஈவு 6,31,167. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 24, ஆகவே 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது, ஈவு 2,10,389. இதுவரை வந்த காரணிகளைப் பெருக்கினால் 100 × 25 × 3, அதாவது 7,500. எனவே நம் எண் 7,500 × 2,10,389.

இங்கிருந்துதான் வேலை கடினமாகிறது, ஏனென்றால் 2,10,389 எளிதில் பிடிகொடுப்பதில்லை. 7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்க ஒரு வழி உண்டு. 7 × 11 × 13 = 1,001 என்பதால், எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் கிடைக்கும் சிறிய எண்ணுக்கும் மூல எண்ணுக்கும் இந்த மூன்று வகுத்திகளிலும் மீதி ஒன்றே. முழு எண்ணுக்கே இதைச் செய்யலாம்: 500 − 917 + 577 − 1 = 159. இந்த 159, 7 ஆல் வகுக்கும்போது 5 மீதி, 11 ஆல் வகுக்கும்போது 5 மீதி, 13 ஆல் வகுக்கும்போது 3 மீதி. மூன்றும் காரணிகள் அல்ல. 7 க்குக் கிடைத்த அந்த 5 ஐ மறந்துவிடாதீர்கள், கிழமைக் கணக்கில் வேண்டியிருக்கும். 17 முதல் 59 வரையுள்ள பகா எண்களை ஒவ்வொன்றாக 2,10,389 மீது ஏற்றிப் பார்த்தால் ஒன்றும் வகுக்காது. பதினெட்டாவது பகா எண்ணான 61 வகுக்கிறது, ஈவு 3,449. இனி 3,449 பகா எண்ணா என்று தனியாகச் சோதிக்கத் தேவையில்லை. 61 ஐவிடச் சிறிய பகா எண் எதுவும் அதை வகுக்காது என்பது முன் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. 61 இன் வர்க்கம் 3,721, அதுவோ 3,449 ஐவிடப் பெரிது. ஆகவே 3,449 பகா எண்தான்.

முழு விடை: 1,57,79,17,500 = 2² × 3 × 5⁴ × 61 × 3,449. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை 3 × 2 × 5 × 2 × 2 = 120. இந்தப் பருமனுள்ள ஓர் எண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 21 வகுத்திகள் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் 120 பெரிய எண்ணிக்கையாகத் தோன்றும். இலக்கக் கூட்டுத்தொகை 42 என்பதில் பொருள் தேடுகிறவர்களும் உண்டு. இலக்கங்களின் கூட்டுத்தொகை நாம் பத்தின் அடுக்குகளில் எழுதுவதால் வருவது. ஆரியபட்டர் எழுத்துகளால் எழுதிய எண்ணுக்கு அப்படியொரு கூட்டுத்தொகையே கிடையாது. 3 ஆல் வகுபடுமா என்று சோதிக்க அந்த 42 உதவும், அதற்குமேல் அதற்கு வேலையில்லை. 120 வகுத்திகள் என்பதிலும் 7,500 இன் பங்கே 30. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

43,20,000 ஐக் காரணிப்படுத்துங்கள்: 2⁸ × 3³ × 5⁴. இதற்கும் நம் எண்ணுக்கும் பொதுவானவை 2², 3, 5⁴. ஆக மீப்பெரு பொது வகுத்தி 7,500. நாட்கணக்கில் இருந்த சிறிய பகா எண்கள் அனைத்தும் ஆண்டுக்கணக்கோடு பொதுவானவை. இரண்டையும் 7,500 ஆல் வகுத்தால் நிற்பது: 576 ஆண்டுகளுக்கு 2,10,389 நாட்கள். கோடிக்கணக்கில் எழுதப்பட்டிருந்தாலும், ஆரியபட்டரின் ஆண்டு நீளம் 2,10,389/576 என்ற பின்னம். 7,500 அதன்மேல் ஏற்றிவைத்த பெருக்கம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கரர், மீதிகளைக் கொண்டு முழு எண் விடை காணும் குட்டக முறையை விளக்கும்போது இந்தச் சுருக்கிய இரண்டு எண்களையே எடுத்து வேலை செய்கிறார்.

576 என்பது 2⁶ × 3². அறுபதின் மூன்றாம் அடுக்கான 2,16,000 ஐ அது மீதியின்றி வகுக்கும். அறுபது அறுபதாகப் பிரிக்கும் நாழிகைக் கணக்கில் ஆண்டின் நீளம் மூன்றே படியில் முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம்: 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை, பின்னம் எதுவும் எஞ்சாது. இன்றைய மணிக்கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி, அதுவும் துல்லியமாகவே. கையால் கணக்குப் போடும் பஞ்சாங்கக்காரருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். நான்கு ஆண்டுகளுக்கு 1,461 நாளும் 2 நாழிகை 5 விநாழிகையும், தற்பரைகூட மறைந்துவிடுகிறது.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு யுக எண்களைப் பக்கத்தில் வைத்தால் நம் எண்ணின் குணம் தெளிவாகும். ஆரியபட்டரே நள்ளிரவில் நாளைத் தொடங்கும் வேறொரு முறையையும் வகுத்தார். அதில் யுக நாட்கள் 1,57,79,17,800. முந்தையதைவிட 300 நாட்கள் அதிகம். இதற்கும் 43,20,000 க்கும் பொதுவான மீப்பெரு வகுத்தி 5,400. சுருக்கினால் 800 ஆண்டுகளுக்கு 2,92,207 நாட்கள். சயாம், பர்மா நாட்டுப் பஞ்சாங்கங்களில் பழகிய இணையும் இதுதான். மூன்றாவது, இன்று வழக்கில் உள்ள சூரிய சித்தாந்தத்தின் 1,57,79,17,828. வேறுபாடு 328 நாள்தான், ஆண்டுக்குப் பிரித்தால் 6.56 நொடி. ஆனால் இந்த எண் 43,20,000 உடன் பகிர்ந்துகொள்வது 4 ஐ மட்டுமே. 39,44,79,457 என்ற அதன் நாலில் ஒரு பங்கு ஒற்றைப்படை எண், 5 இல் முடிவதில்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 52 என்பதால் 3 ஆலும் வகுபடாது. ஆகையால் பின்னத்தை 10,80,000 ஆண்டுகளுக்குக் கீழே சுருக்கவே முடியாது. பருமனில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் மூன்று எண்களில் ஒன்று 576 ஆண்டில் முழு நாட்களாகிறது, மற்றொன்று 800 ஆண்டில், மூன்றாவது பத்து இலட்சத்துக்கும் மேலான ஆண்டுகளில். ஓர் எண்ணின் அளவு அதன் நடத்தையைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பாடநூல்களில் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த 300 நாள் ஏன்? என் கணிப்பில் இதுதான் இந்த எண்களில் மிக அழகான இடம். கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் முடிந்தபோது தமக்கு வயது 23 என்று ஆரியபட்டர் சொல்கிறார், அது கி.பி. 499. உதய முறையில் 3,600 ஆண்டு என்பது 2,10,389 × 6.25, அதாவது 13,14,931.25 நாட்கள். நள்ளிரவு முறையில் 2,92,207 × 4.5, அதாவது 13,14,931.5 நாட்கள். முன்னது ஒரு சூரிய உதயத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது, பின்னது அதற்குக் கால் நாள் முந்தைய நள்ளிரவிலிருந்து. அந்தக் கால் நாளே 300 × 3,600 ÷ 43,20,000. இரண்டு கணக்கும் 499 மார்ச் 21 நண்பகலில் ஒன்றையொன்று தொடுகின்றன. இரண்டு முறைகளும் தம் காலத்தில் ஒத்துப்போக வேண்டும் என்று கருதியே இந்த 300 அமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நேராகத் தெரிகிறது.

2² என்ற காரணியும் வீணாக நிற்கவில்லை. ஆரியபட்டர் மகாயுகத்தை 4 : 3 : 2 : 1 என்று பிரிக்காமல், 10,80,000 ஆண்டுகள் கொண்ட நான்கு சம பாதங்களாகப் பிரித்தார். ஒரு பாதத்துக்கு 39,44,79,375 நாட்கள். அது ஒற்றைப்படை எண். நான்காகப் பிரிக்கத் தேவையான இரண்டுகள் எண்ணில் இருக்கின்றன, அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. இப்போது கிழமையைச் சோதிப்போம். மும்மூன்று இலக்க முறையில் 375 − 479 + 394 = 290; 7 ஆல் வகுத்தால் மீதி 3. மூன்று பாதங்களுக்கு 9, அதாவது மீதி 2. யுகம் புதன்கிழமை உதயத்தில் தொடங்கியது என்று அவர் சொல்கிறார். இரண்டு கூட்டினால் வெள்ளி. மூன்று பாதங்கள் கழிந்தது பாரதக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் வியாழக்கிழமை வரை என்றும் அவரே இன்னோரிடத்தில் சொல்வதால், நான்காம் பாதமான கலியின் முதல் நாள் வெள்ளி என்பது அவருடைய வாக்கோடும் பொருந்துகிறது. முழு யுகத்துக்குக் கிழமை 5 நகரும். முன்பு 159 இலிருந்து கிடைத்த மீதி அதுதான்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பொள்ளாச்சிக் கடைக்காரர்கள் தரும் தினத்தாள் நாட்காட்டி ஒருபுறமும் கொல்லம் ஆண்டு போட்ட மலையாள நாட்காட்டி மறுபுறமும் தொங்குவது வழக்கம். விதைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஒன்று, பள்ளிக்கூட விடுமுறைக்கும் அரசு அலுவலகத்துக்கும் மற்றொன்று. இரண்டும் மேட சங்கராந்தியை, அதாவது சூரியன் மேட இராசிக்குள் நுழையும் நேரத்தை வைத்தே, தமிழில் சித்திரை என்றும் மலையாளத்தில் மேடம் என்றும் சொல்லும் சூரிய மாதத்தைத் தொடங்குகின்றன. வாக்கிய முறையில் அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கும் விதி இரண்டே வரியில் முடிந்துவிடும்: முடிந்த கலி ஆண்டை 2,10,389 ஆல் பெருக்கு, 1,237 ஐக் கழி, 576 ஆல் வகு. ஈவு கலியுக நாள். மீதி ஒவ்வொன்றுக்கும் இரண்டரை நிமிடம். 1,237 என்பது 2 நாள் 8 நாழிகை 51 விநாழிகை 15 தற்பரை. சராசரிச் சூரியனைவிட உண்மைச் சூரியன் மேடத்தை அவ்வளவு முன்னதாக அடைகிறது.

2024 ஆம் ஆண்டுக்கு இதைச் செய்து பார்க்கலாம். முடிந்த கலி ஆண்டு 2024 + 3101 = 5125. பெருக்கினால் 1,07,82,43,625, 1,237 ஐக் கழித்தால் 1,07,82,42,388. 576 ஆல் வகுக்க ஈவு 18,71,948, மீதி 340. கிழமை: 948 − 871 + 1 = 78, 7 ஆல் வகுக்க மீதி 1, வெள்ளிக்கு அடுத்தது சனி. நேரம்: 340 × 2.5 = 850 நிமிடம், அதாவது 14 மணி 10 நிமிடம். உதயத்தை 6 மணி என்று கொண்டால் இரவு 8 மணி 10 நிமிடம். 2024 ஏப்ரல் 13 சனிக்கிழமை இரவுதான் குரோதி ஆண்டு பிறந்தது. அது பொழுது சாய்ந்த பிறகு என்பதால் சித்திரை முதல் தேதி மறுநாள் 14. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய எண்ணிக்கை ஒரு பெருக்கல், ஒரு கழித்தல், ஒரு வகுத்தலில் அந்த மாலையில் வந்து நிற்கிறது.

அடுத்த ஆண்டுகளுக்கு மீண்டும் பெருக்க வேண்டியதில்லை. 2,10,389 ஐ 576 ஆல் வகுத்தால் ஈவு 365, மீதி 149. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மீதியோடு 149 கூட்டி, 576 ஐத் தாண்டினால் 576 ஐக் கழித்தால் போதும். கழித்த ஆண்டு 366 நாள் ஆண்டு. 2025 க்கு மீதி 489, 2026 க்கு 62, 2027 க்கு 211. பின்னோக்கிப் போனால் 2023 க்கு 191.

எல்லைப்புறத்து வேறுபாடு இந்த மீதியில்தான் இருக்கிறது. தமிழ் வழக்கில் சங்கராந்தி பொழுது சாய்வதற்குள், அதாவது உதயத்திலிருந்து 30 நாழிகைக்குள் நேர்ந்தால் அன்றே மாதம் பிறக்கும். மலையாள வழக்கில் எல்லை 18 நாழிகை, ஏறத்தாழப் பகல் 1 மணி 12 நிமிடம். அதைத் தாண்டினால் மாதம் மறுநாள். மீதிக் கணக்கில் இந்த எல்லைகள் 288 உம் 172.8 உம். மீதி 173 க்கும் 287 க்கும் இடையில் விழும் ஆண்டுகளில் இரண்டு நாட்காட்டிகளும் ஒரு நாள் பிரியும். 2023 இல் மீதி 191. அதாவது ஏப்ரல் 14 பகல் 1 மணி 57 நிமிடத்துக்குச் சங்கராந்தி. நமக்கு அன்றே புத்தாண்டு. கேரளத்தில் விஷு 15 ஆம் தேதி. 2019 இன் மீதி 171. இந்தக் கணக்கின்படி நாலரை நிமிட வித்தியாசத்தில் அந்த ஆண்டின் மேட மாதப் பிறப்பு பிரியாமல் தப்புகிறது.

149 பகா எண். 576 இல் 2 உம் 3 உம் தவிர வேறு பகாக் காரணி இல்லை. இரண்டுக்கும் பொது வகுத்தி இல்லாததால், 576 ஆண்டுகளில் 0 முதல் 575 வரை ஒவ்வொரு மீதியும் ஒரே ஒரு முறை வந்தே தீரும். எதுவும் விடுபடாது, எதுவும் திரும்பாது. எனவே 576 ஆண்டுகளில் சித்திரையும் மேடமும் பிரியும் ஆண்டுகள் 115, ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்று ஒழுங்காக வருவதில்லை. 149 × 4 = 596, அதாவது 576 ஐவிட 20 அதிகம்; ஆகவே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மீதி 20 மட்டும் நகர்கிறது. 2023, 2027, 2031, 2035, 2039 ஆகிய ஆண்டுகளில் மீதிகள் 191, 211, 231, 251, 271. 2043 இல் 291 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். அதன்பின் அடுத்த பிரிவு 2050 இல்தான், மீதி 182. இதேபோல் 2012 க்கும் 2023 க்கும் இடையிலும் பதினோரு ஆண்டு இடைவெளி இருந்தது. இது உதயத்தை 6 மணியாகக் கொண்ட வாக்கியக் கணக்கு. ஏப்ரலில் பாலக்காட்டு உதயம் சற்றுப் பிந்தியது, கேரளத்தில் அச்சாகும் சில நாட்காட்டிகள் புதிய அளவீடுகளைப் பயன்படுத்துகின்றன, ஆகவே எல்லையை ஒட்டிய மீதிகளில் அச்சு நாட்காட்டி மாறுபடலாம். பெரும்போக்கு மாறாது.

இந்தக் கணிதம் வாளையாறு சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். பொருளற்ற வாதம். ஆரியபட்டரின் எண்களை அடித்தளமாக வைத்து 683 இல் பரஹிதம் என்ற வானியல் கணித முறையை அமைத்த ஹரிதத்தர் கேரளத்தவர். அதே எண்களில் நிற்கும் வாக்கியக் கணிதம் தமிழ்நாட்டில் பஞ்சாங்கமாக வாழ்கிறது. வாக்கியக் கணிதத்துக்கு உரை எழுதிய தமிழ்நாட்டுச் சுந்தரராஜர் எழுப்பிய ஐயங்களுக்கு, கேரளத்து வானியலாளர் நீலகண்ட சோமயாஜி விடை எழுதியிருக்கிறார்.

துல்லியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைய அளவீட்டின்படி விண்மீன் சார்ந்த ஆண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 நொடி. 2,10,389/576 அதைவிட 3 நிமிடம் 20 நொடி நீளம். பருவங்கள் திரும்பும் ஆண்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 24 நிமிடம் நீளம். ஆகவே சித்திரைப் பிறப்பு பருவங்களைவிட்டு ஏறக்குறைய 60 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிச் செல்கிறது. எண்ணின் உள்ளமைப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வானம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

61 மட்டும் மிச்சமிருக்கிறது. 7,500 ஐ எடுத்தபின் நின்ற 61 × 3,449 சூரியக் கணக்கில் எதோடும் சுருங்கவில்லை. ஆனால் சந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். யுகத்தில் சந்திரனின் சுற்றுகள் 5,77,53,336. இதை 12 ஆல் வகுத்தால் 48,12,778. அதை 61 ஆல் வகுத்தால் மீதியே இல்லை, ஈவு 78,898. நாட்கணக்கையும் 12 ஆலும் 61 ஆலும் வகுத்தால் 21,55,625, அது 5⁴ × 3,449. ஆகச் சந்திரன் 21,55,625 நாட்களில் சரியாக 78,898 சுற்றுகள் சுற்றுகிறது. மீப்பெரு பொது வகுத்தி 732. குட்டகக் கணக்கில் இந்த 61 சுருங்குவதால் வேலை அறுபத்தொரு மடங்கு சிறிதாகிறது. இது திட்டமிட்ட ஏற்பாடா? தற்செயல் என்றே நான் கருதுகிறேன். சூரிய சித்தாந்தமும் சந்திரனுக்கு இதே 5,77,53,336 ஐத்தான் தருகிறது. ஆனால் அதன் நாட்கணக்கு 328 அதிகம், 328 ஐ 61 ஆல் வகுத்தால் 23 மீதி நிற்கிறது, எனவே அங்கே 61 சுருங்குவதில்லை. 7,500 க்கும் 300 க்கும் காரணம் காட்ட முடிந்ததுபோல 61 க்குக் காட்ட என்னால் முடியவில்லை. எந்த ஓர் எண்ணும் 61 ஆல் வகுபட அறுபத்தொன்றில் ஒரு வாய்ப்பு உண்டு, அந்த வாய்ப்பு இங்கே பலித்திருக்கிறது.